ஆறு வாரமாகியும் வீக்கம் வற்றவில்லை என்பவருக்கு
மார்ட்டன் நியூரோமா (கால்விரல்களுக்குப் போகும் நரம்பு தடித்து வலிப்பது) அறுவை முடிந்து ஆறு வாரமாகியும் மாலையில் பாதம் வீங்குகிறது, மூன்றாம் நான்காம் விரல்களுக்கிடையே மரத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நரம்பையே வெட்டி எடுத்திருந்தால் அந்த உணர்வு பெரும்பாலும் திரும்பாது. எனக்கும் அப்படித்தான், அங்கே மணல் புகுந்தால்கூடத் தெரியாது, பழகிவிட்டது. வீக்கம்தான் பொறுமையைச் சோதிக்கும். எனக்கு முழுதாக வற்ற ஐந்து மாதம் ஆனது. உட்கார்ந்துகொண்டு முக்காலியில் காலை நீட்டினால் போதாது. படுத்து, தலையணைகளை அடுக்கி, பாதம் நெஞ்சைவிட உயரத்தில் இருக்க வேண்டும். முன்பக்கம் அகன்ற காலணி போடுங்கள். அழகான காலணிகளை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்! தையல் போட்ட இடம் சிவந்து சீழ் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.