வார்டுக்குப் போகாமலும் அறக்கட்டளை நடத்தலாம்

கேள்வி: எனக்கு வயது 46. என் மகனுக்கு இரத்தப் புற்றுநோய். மூன்று ஆண்டுகள் ஒரு தேதிகூடத் தவறாமல் சிகிச்சைக்கு அழைத்துப் போனோம். முடிந்த சில மாதங்களில் நோய் திரும்பி, ஒன்பது வயதில் இறந்துவிட்டான். இப்போது ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவன் பெயரில் நினைவு அறக்கட்டளை தொடங்கி, அரசு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் குடும்பங்களுக்குப் பேருந்துக் கட்டணம், முட்டை, பால் பவுடர், பிளேட்லெட் கொடையாளர் ஏற்பாடு என்று இயன்றதைச் செய்கிறோம். நான் அநேகமாகத் தினமும் வார்டுக்குப் போகிறேன். அங்கே ஒரு குழந்தை இறந்தால் ஒரு வாரத்துக்கு எனக்குத் தூக்கம் இருப்பதில்லை. "உங்க பையன் இப்ப என்ன படிக்கிறான்?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறேன். நன்கொடை குறைந்துவிட்டதால் கணவர் பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்; எதுவும் பேசுவதில்லை. பிளஸ் டூ படிக்கும் மகள் போன மாதம், "எனக்கும் ஏதாவது வந்தாத்தான் நீ வீட்ல இருப்பியாம்மா?" என்று கேட்டுவிட்டாள். மூடிவிடலாம் என்று நினைத்தால், அவனை நானே இரண்டாவது முறை அனுப்பிவைப்பதுபோல இருக்கிறது. தொடர்வதா, மூடுவதா? குழந்தைகளுக்கு நாங்கள் கொடுக்கும் துணிப்பையின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூடுவதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். ஒரு வருடத்துக்கு வார்டுக்குப் போவதை மட்டும் நிறுத்துங்கள் என்பதுதான் என் யோசனை. அறக்கட்டளை இயங்கட்டும். மகனை நினைத்துக்கொண்டிருப்பதும், சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவுவதும் உங்களிடம் ஒரே வேலையாகிவிட்டன. அதனால்தான் ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று உங்களுக்குத் தோன்றுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், உதவி செய்வதற்கு நீங்கள் தினமும் அந்தக் கட்டிலருகே நிற்கத் தேவையில்லை என்பது உங்களுக்கே புலப்படும்.

உங்களைப் போன்ற ஒரு சிறு அறக்கட்டளையின் பணம் எங்கே அதிகம் பயன்படும் என்பதை முதலில் பார்ப்போம். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும் என்பது நீங்கள் வாழ்ந்து அறிந்தது. முதல் சில மாதங்கள் கீமோ, முதுகில் ஊசி, இரத்த அணுக்களின் கவுண்ட் குறைந்தது, காய்ச்சல் வந்தது என்று மருத்துவமனையிலேயே கழியும்; அப்போது எல்லோருடைய கவனமும் அந்தக் குழந்தைமேல் இருக்கும். பிறகு வீட்டிலேயே மாத்திரை, குறித்த நாளில் பரிசோதனை என்ற கட்டம் வருகிறது. முடி முளைக்கிறது, குழந்தை பள்ளிக்கூடம் போகிறது, பார்ப்பதற்கு நோயே இல்லாதது போல இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும், அம்மாவுக்குக் கைக்குழந்தை இருக்கும், பேருந்துக்குக் காசு இருக்காது. ஒரு தேதி தவறும், அடுத்ததும் தவறும், பிறகு தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்.

வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமடைகிறார்கள் என்றும், வசதி குறைந்த நாடுகள் பலவற்றில் அது 30 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு அந்த நிறுவனம் அடுக்கும் காரணங்களில் சிகிச்சையைப் பாதியில் விடுவதும் ஒன்று. 2030க்குள் உலக அளவில் 60 விழுக்காட்டையாவது எட்டுவது என்று 2018இல் இலக்கு வைத்திருக்கிறார்கள். (நீங்கள் ஒரு தேதியும் தவறவிடவில்லை, அப்படியும் உங்கள் மகனுக்கு நோய் திரும்பியது. நான் இங்கே எழுதுவதை உங்கள் வீட்டோடு பொருத்திப் பார்க்காதீர்கள்.)

ஆகவே உங்கள் அறக்கட்டளைக்குத் தேவை ஒரு நோட்டும் ஒரு தொலைபேசியும். குழந்தையின் பெயர், ஊர், அடுத்து வரவேண்டிய தேதி, இரண்டு எண்கள். தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஓர் அழைப்பு, வராவிட்டால் மறுநாள் இன்னோர் அழைப்பு, பேருந்துக் கட்டணம் வங்கிக் கணக்கில். சமூகப் பணி படித்த ஒருவரைப் பகுதிநேரமாக வைத்துக்கொண்டால் மருத்துவமனையின் சமூகப் பணியாளரோடு அவர் பேசிக்கொள்வார். சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமிருக்கிறது. தங்குமிடம் தருவதற்கு, 2006இல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இந்தியா போன்ற பெரிய அமைப்புகள் இருக்கின்றன. அவர்கள் செய்வதை நீங்களும் செய்ய முயல வேண்டாம். அங்கே அனுப்பிவைத்தால் போதும்.

"இந்த வேதனையைப் பட்டவளுக்குத்தானே இன்னொரு தாயின் மனம் புரியும்" என்று நீங்கள் கேட்கலாம். புரியும்தான். ஆனால் நேற்று நோய் உறுதியான குழந்தையின் தாய் யாரைத் தேடுகிறாள் என்று யோசியுங்கள். சிகிச்சை முடித்து, இன்று எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் தாயைத்தான். அப்படிப்பட்ட இரண்டு மூன்று பேர் உங்கள் நோட்டிலேயே இருப்பார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நீங்கள் உண்மையிலேயே துணையாக இருக்கக்கூடியது, பிள்ளையை இழந்து சில மாதங்களான தாய்மாருக்கு. அதுவும் நீங்கள் விரும்பினால், உங்களுக்குத் தெம்பு இருக்கும் நாளில் மட்டும்.

மகன் என்ன படிக்கிறான் என்று கேட்பவர்களிடமிருந்து இனி நகர்ந்து போக வேண்டாம். வார்டுக்குப் போகாவிட்டாலும் தொலைபேசியில் யாராவது இதைக் கேட்கத்தான் செய்வார்கள். "அவனுக்கு நோய் திரும்பி வந்துவிட்டது, இறந்துவிட்டான். ஒரு குழந்தைக்கு நடந்தது இன்னொரு குழந்தைக்கு நடக்கும் என்றில்லை, உங்கள் பிள்ளையின் நிலையை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்" என்று நிதானமாகச் சொல்லிவிடுங்கள். பதில் சொல்லாமல் போனால் அவர்கள் இதைவிட மோசமாக எதையாவது கற்பனை செய்துகொள்வார்கள்.

துணிப்பையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மகனின் சிரித்த முகம், கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும், 'நினைவு அறக்கட்டளை' என்ற எழுத்துகள். இந்தப் பையில்தான் சிகிச்சையில் இருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு முட்டையும் பால் பவுடரும் போகின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை அதைப் படிக்கும், படிக்கத் தெரியாத பிள்ளை, "இந்த அண்ணன் யாரு?" என்று அம்மாவைக் கேட்கும். அந்த அம்மா என்ன சொல்வாள்? பத்திரத்தில் பதிவான பெயரை மாற்ற வேண்டியதில்லை. பையில் படமும் தேதியும் இல்லாமல் அச்சடியுங்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தது 1923இல். அந்த இழப்பிலிருந்து பிறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது 1954இல். முப்பத்தொரு ஆண்டுகள். மருத்துவமனைக்கு அவர் தங்கையின் பெயரை வைக்கவில்லை. தங்கையை அவர் மறந்துவிட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மறுவருடமே அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அதைக் கட்டிக் காத்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொடங்கியவரின் துக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் அது இத்தனை காலம் நின்றிருக்காது. பெயர் வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் அலெக்ஸ் ஸ்காட் என்ற சிறுமி, தானே நோயாளியாக இருந்தபோது, 2000இல் நான்கு வயதில் எலுமிச்சைச் சாறு விற்றுப் பணம் திரட்டத் தொடங்கினாள். 2004இல் எட்டு வயதில் அவள் இறப்பதற்குள் பத்து லட்சம் டாலர் சேர்ந்திருந்தது. அவள் பெயரிலேயே பெற்றோர் அதைத் தொடர்கிறார்கள். பணம் பெரும்பாலும் ஆராய்ச்சிக்குப் போகிறது. அவளே தொடங்கிய காரியம் என்பதால் அங்கே பெயர் பொருந்துகிறது.

உங்கள் மகனை நினைப்பதற்கு வீட்டில் இடம் வேண்டும். பிறந்தநாளில் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து நீங்கள் மூவரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அன்று அன்னதானமோ முகாமோ வைக்காதீர்கள். கணவர் பேசாமல் காசோலையில் கையெழுத்துப் போடுவதுகூட அவருடைய துக்கமாக இருக்கலாம். அவரும் ஒரு பிள்ளையை இழந்தவர். அவரிடம் யார் கேட்டார்கள்? இருந்தாலும் பி.எஃப். பணத்தில் இனி கை வைக்க வேண்டாம். குடும்பத்துக்கு வெளியே இரண்டு பேரை அறங்காவலர்களாகச் சேர்த்துக்கொண்டு, வரும் நன்கொடைக்குள் எத்தனை குழந்தைகளைத் தாங்க முடியுமோ அத்தனை பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மகளின் கேள்விக்கு விளக்கம் சொல்லப் போகாதீர்கள். தம்பிக்கு வைத்தியம் நடந்தபோது அவளை எங்கே விட்டிருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை; பெரும்பாலும் பாட்டி வீடாகத்தான் இருந்திருக்கும். எட்டு வயதிலிருந்து பதினோரு வயது வரை அம்மா மருத்துவமனையில். அதன் பிறகு அறக்கட்டளை. "நீ கேட்டது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பொதுத்தேர்வு முடியும்வரை மாலை ஐந்து மணிக்குமேல் அறக்கட்டளைத் தொலைபேசியை வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

தூக்கமின்மை தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தயக்கமாக இருந்தால், அரசின் டெலி-மானஸ் உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம்.

ஒரு வருடம் இப்படி நடத்திப் பார்த்த பிறகும் மூடிவிடத் தோன்றினால், குற்ற உணர்வில்லாமல் மூடுங்கள். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. புதிய பெயர்களைச் சேர்ப்பதை முதலில் நிறுத்துங்கள். நோட்டில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளைகளுக்கு, கடைசிக் குழந்தையின் சிகிச்சை முடியும்வரை, அழைப்பும் பேருந்துக் கட்டணமும் தொடரட்டும். அதிகம் போனால் மூன்று ஆண்டுகள் ஆகும். மிச்சமிருக்கும் பணம் குடும்பத்துக்குத் திரும்பக் கூடாது. இதே நோக்கமுள்ள இன்னோர் அறக்கட்டளைக்குத்தான் போக வேண்டும். எனவே அந்தத் தீர்மானத்தை எழுதும் முன் ஒரு தணிக்கையாளரைக் கலந்துகொள்ளுங்கள்.