பாடுவது பெரியப்பா, வியர்ப்பது எனக்கு!

கேள்வி: கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் எங்கள் பெரியப்பா மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்துவிடுவார். சுருதி சேராது, பாதியில் வரியும் மறந்துபோகும். அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை. கீழே உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் முகம் சூடாகி, உள்ளங்கை வியர்த்து, வயிற்றைப் பிசைகிறது. இது நோயா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: நோயே இல்லை. ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பிறர் தர்மசங்கடத்தில் மாட்டும் காட்சிகளைக் காட்டி, பார்ப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். அடுத்தவர் வலியில் துடிப்பதைப் பார்க்கும்போது வேலை செய்யும் இன்சுலா, சிங்குலேட் பகுதிகளே இதிலும் விழித்துக்கொண்டன. மாட்டியவருக்கே தன் நிலை தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கூசிப்போகிறார் என்பதும் அதில் தெரிந்தது. பெரியப்பா குஷியாகப் பாட, நீங்கள் தவிப்பது அதனால்தான். நம்மவர் என்றால் தவிப்பு இன்னும் கூடும்.

அந்த நேரத்தில் பரிவு நரம்புகள், அதாவது பதற்றத்தில் உடலைத் தானாக உஷார்படுத்தும் நரம்புகள், முடுக்கிவிடப்படுகின்றன. முகத்தின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அதனால் சூடு. வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, அதனால் பிசைவு. உள்ளங்கை வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுவதும் இதே நரம்புகள்தான். சித்திரை வெயிலில், தகரக் கூரை மண்டபத்தில் குழாய்கள் ஏற்கெனவே விரிந்திருக்கும். சிவப்பு சட்டென்று ஏறும்.

எழுந்து ஓட வேண்டாம். பாதங்களைத் தரையில் அழுத்தி, காதருகே ஏறியிருக்கும் தோள்களைக் கீழே இறக்குங்கள், கடித்திருக்கும் பல்லைத் தளர்த்துங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். 12 முறை செய்தால் 2 நிமிடம். வெளிவிடும் மூச்சு நீளும்போதுதான் இதயத் துடிப்பு தணியும். பலர் பதற்றத்தில் வேகவேகமாக ஆழ்ந்து இழுக்கிறார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மதமதக்கும். பாடுபவர் முகத்தையே பார்க்காமல் கீபோர்டு வாசிப்பவரின் விரல்களைக் கவனியுங்கள். 'என் முகம் சிவந்துவிட்டதோ' என்று நினைக்க நினைக்கச் சிவப்பு நீடிக்கும்.

படபடப்புக்கு என்று ப்ரோப்ரனலால் மாத்திரையை நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா இருந்தால் மூச்சுக்குழல் இறுகிவிடும், ஆபத்து.

இந்தக் கூச்சத்துக்குப் பயந்து 6 மாதமாக எந்த விசேஷத்துக்கும் போகாமல் தவிர்க்கிறீர்கள் என்றால் மட்டும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.