கிணத்து நீச்சல் கடலுக்குப் போதுமா?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வணக்கமுங்க. ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். எனக்கு வயது 41. சின்ன வயதிலிருந்தே எங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் நீச்சல். மோட்டார் ரூம் மேலிருந்து குதித்து அடியில் போய் மண் எடுத்து வருவேன், ஒரு நிமிடத்துக்கு மேல் தம் கட்டுவேன். இப்படிப்பட்டவனுக்கு, சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்குகிற ஸ்கூபாவுக்குப் பயிற்சி வேண்டுமாங்க, நேராக இறங்கிவிடலாமா? கிணற்றின் அடியில் காது வலிக்கும், கடலிலும் வலிக்குமா? வீட்டுக்காரிக்கு நீச்சல் தெரியாது, பையனுக்கு 9 வயது. ஹேவ்லாக்கில் முதல் நாள் ஒரு டைவ், மூன்றாம் நாள் மதியம் ஒரு டைவ். மறுநாள் காலை 7 மணிக்கு விமானம், சாயங்காலம் ஊட்டியில் மச்சினன் வீட்டு விசேஷம். இது சரிப்பட்டு வருமாங்க?"

பயிற்சி கட்டாயம் வேண்டுமுங்க. உங்கள் வீட்டில் மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் அதிகம் வேண்டும்.

நானும் பவானிப் பக்கம்தான். முதுகில் சுரைப்புருடை கட்டி மாமா கிணற்றுக்குள் தள்ளிவிட்டதில்தான் நீச்சல் வந்தது, அதனால் கிணற்றைக் குறைவாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் இத்தனை வருடம் ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போனதில் நான் பார்த்தது இதுதான்: தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவர்கள் சொன்னதை அப்படியே செய்து நல்லபடியாக மேலே வந்துவிடுகிறார்கள், கிணற்றில் முங்கிப் பழகியவர்கள்தான் என்னை வேலை வாங்குகிறார்கள். காரணம் நீங்கள் பெருமையாகச் சொன்ன அந்தத் தம் கட்டுகிற பழக்கம்.

கிணற்றில் நீங்கள் மேலே நின்று இழுத்த மூச்சோடு உள்ளே போகிறீர்கள். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நம் மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், ஆக 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, நெஞ்சுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும். மேலே வரும்போது அது பழைய அளவுக்கு விரியும், அவ்வளவுதான், நுரையீரலுக்கு ஒரு கேடும் இல்லை. ஸ்கூபாவில் கதை வேறு. அங்கே வாயில் கவ்விக்கொள்ளும் ரெகுலேட்டர் என்ற கருவி, சிலிண்டர் காற்றை அந்த ஆழத்தின் அழுத்தத்துக்கே கொடுக்கிறது, நீங்கள் 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுக்கிறீர்கள். அதை அப்படியே தம் கட்டி வைத்துக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் பலூன் இல்லையே, கிழிந்துவிடும், அங்கிருந்து குமிழி ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இதற்குப் பெரிய ஆழம்கூடத் தேவையில்லை, நீச்சல்குள ஆழத்திலேயே நடக்கக்கூடியது. அதனால்தான் எந்த நாட்டில் யாரிடம் கற்றாலும் முதல் பாடம் ஒன்றுதான்: மூச்சை நிறுத்தாதே.

ஒருமுறை ஈரோட்டுக்காரர் ஒருவரை முதல் தடவை இறக்கினேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு மீட்டரில் நிற்கிறோம், திடீரென்று அவரிடமிருந்து குமிழி வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன், மனிதர் கன்னம் உப்பி, கண் விரிய, மீனைப் பார்த்து ரசித்துக்கொண்டு நிற்கிறார். கண்ணாடிக்கு முன்னால் விரலை ஆட்டி, என் வாயிலிருந்து குமிழி விட்டுக் காட்டிய பிறகுதான் 'புஸ்'ஸென்று விட்டார். மேலே வந்ததும் கேட்டால், சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று காற்றை மிச்சம் பிடித்தாராம்! சிக்கனம் நம் ஊர்க் குணம்தான், ஆனால் அது மேலே கரையில் இருக்கட்டும்.

அந்தச் சிலிண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரும் ஆக்சிஜன் சிலிண்டர் என்கிறார்கள், அதில் இருப்பது நாம் சுவாசிக்கிற இதே காற்றுதான், வடிகட்டி, அழுத்தி அடைத்தது. லாரி டயரில் 120 பிஎஸ்ஐ பிடிப்போம் என்றால் இதில் ஏறக்குறைய 3000. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஊட்டி விஷயத்துக்கு அது வேண்டும்.

அதற்கு முன் காது. வலிக்குமா என்றால், கிணற்றில் போல விட்டால் கண்டிப்பாக வலிக்கும். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்று, வெளியே தண்ணீர் அழுத்த அழுத்தச் சுருங்குகிறது, பறை உள்பக்கமாக இழுபடுகிறது, அந்த வலிதான். கல்லாறு தாண்டி குன்னூர் ரோட்டில் பஸ் ஏறும்போது காது அடைத்துத் தானாக விட்டுவிடும், ஆனால் இறங்கும்போது எச்சில் விழுங்கினால்தான் விடும், கவனித்திருப்பீர்கள். கடலில் இறங்குவதும் அதேபோலத்தான், ஆனால் மலையில் ஒரு மணி நேரத்தில் கூடுகிற அழுத்தத்தைவிட இங்கே ஒரே நிமிடத்தில் அதிகம் கூடிவிடும். மூக்கை விரலால் மூடி, வாயையும் மூடிக்கொண்டு, மெதுவாக மூக்கு வழியே ஊதுவதுபோல் அழுத்துங்கள், 'டிக்'கென்று விடும். வலி வந்த பிறகு செய்தால் பிரயோசனம் குறைவு. தண்ணீர்மட்டத்திலேயே ஒருமுறை, அப்புறம் அரை மீட்டருக்கு ஒருமுறை என்று வலிக்கு முந்திக்கொண்டே போக வேண்டும். விடவில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்காமல் ஒரு மீட்டர் மேலே வந்து திரும்பச் செய்யுங்கள். பலமாக ஊதவே கூடாது.

சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் வேண்டாம். பணம் கட்டியாச்சே என்று பார்க்கக் கூடாது. நானே ஒரு தடவை லேசான சளிதானே என்று இறங்கி, மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றினால் உள்ளே ரத்தம், அப்புறம் மூன்று வாரம் இடது காதில் யாரோ பஞ்சு வைத்து அடைத்த மாதிரியே இருந்தது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் ஆபத்து, கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்துவிட்டால் மேலே வரும்போது காற்று வெளியேற வழியிருக்காது.

சரி, ஊட்டிக்கு வருவோம். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. கோலி சோடா மூடியிருக்கும் வரை குமிழி தெரியாது, குண்டைத் தட்டியதும் பொங்கும். அதே கணக்குதான், வெளி அழுத்தம் சட்டென்று குறைந்தால் உடம்புக்குள் குமிழி கட்டும். மூட்டு வலி, தோலில் திட்டுத்திட்டாக நிறமாற்றம், மரத்துப்போவது, காரணமில்லாத அசதி, இப்படித் தெரியும். அதற்காகத்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் மெதுவாக ஏறுவதும், 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வருவதும். மீதி நைட்ரஜன் கரையில் இருக்கும்போது மூச்சு வழியே கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், அதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.

விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரைமட்டத்து அழுத்தம் அல்ல, அது 2400 மீட்டர் உயர மலைமேல் இருக்கும் அளவுக்குக் குறையலாம். அதனால் ஒரே ஒரு டைவ் என்றால் விமானத்துக்கு முன் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். நான் யாரிடமும் 24 என்றே சொல்வேன், அதில் கணக்குப் போட வேண்டிய வேலையே இல்லை. உங்கள் திட்டத்தில் மூன்றாம் நாள் டைவ் முடிந்து மேலே வர ஒன்றரை மணி ஆகும் என்று வைத்தாலும் காலை 7 மணிக்குப் பதினேழரை மணி நேரம்தான். அரை மணிதானே குறைகிறது என்று தோன்றும். அந்த 18 மணி நேரமே குறைந்தபட்சக் கணக்குதான், அதைத் தாண்டிவிட்டால் ஒன்றும் ஆகாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஊட்டி ஏறும்போது உங்களுக்கு எப்படியும் 24 மணி நேரம் தாண்டியிருக்கும், அதனால் மச்சினன் வீட்டு விசேஷத்துக்கு ஒன்றும் பழுதில்லை. ஆனால் நம் பக்கத்து ஆட்கள் ஏமாறுவது வேறு இடத்தில். ஊட்டியின் உயரம் சுமார் 2240 மீட்டர், கிட்டத்தட்ட விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான். முருடேஸ்வரத்துக்குப் பக்கத்து நேத்ராணித் தீவில் டைவ் அடித்துவிட்டு, நாம்தான் விமானத்தில் போகவில்லையே என்று காரில் மைசூர், கூடலூர் வழியாக ஊட்டி ஏறி இறங்கி வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. ராமேஸ்வரம் போய்விட்டுக் கொடைக்கானல் போகிறவர்களுக்கும் இதே கதைதான். 600 மீட்டருக்கு மேலே போகும் எந்தப் பயணத்தையும் விமானமாகவே நினைத்துக்கொள்ளுங்கள், ஏற்காடு, வால்பாறை எல்லாம் இதில் வரும். கோவை 400 மீட்டர் சொச்சம், காங்கேயம் அதைவிடக் கீழே, வீட்டுக்குப் போகப் பயமில்லை.

உங்கள் பையன் 9 வயதுக்காரன், கடலில் ஸ்கூபாவுக்குப் பொதுவாக 10 முடிந்திருக்க வேண்டும், அதனால் அவனுக்கு ஸ்நார்க்கலிங், அதாவது குழாய் வழியே மூச்சு விட்டபடி மேலே மிதந்து கீழே பார்ப்பது. அதில் ஒரு குறையும் இல்லை, பவளப்பாறையின் நிறமெல்லாம் மேலே வெளிச்சத்தில்தான் பளிச்சென்று தெரியும், ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் மங்கி எல்லாம் நீலமாகிவிடும். உங்கள் வீட்டம்மாவுக்கு நீச்சல் தெரியாவிட்டாலும் அறிமுக டைவ் செய்யலாம், பயிற்றுநர் கூடவே பிடித்துக்கொண்டு வருவார், அதிகபட்சம் 12 மீட்டர்தான். பயம் இருந்தால் மட்டும் வற்புறுத்தாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டோடு எலிஃபண்ட் பீச்சில் முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதந்தாலே போதும். முதுகு வெந்துபோகும், அதனால் திருப்பூரில் கிடைக்கிற முழுக்கை பாலியெஸ்டர் பனியன் மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். பருத்தி வேண்டாம், நனைந்தால் கனக்கும். பவளத்தின் மேல் யாரும் காலூன்ற வேண்டாம், அது கல் மாதிரி இருக்கிற உயிர். பையன் செத்த பவளத்துண்டைப் பொறுக்கினாலும் அங்கேயே போடச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், ஊருக்குத் திரும்பும்போது விமான நிலையச் சோதனையில் மாட்டும்.

டைவ் சென்டரில் விலை பேசுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு பயிற்றுநர் எனக்கு மட்டும் வருவாரா, இடுப்பளவு தண்ணீரில் முதலில் பழகவைப்பீர்களா, படகில் அவசரத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறதா. மருத்துவப் படிவம் கொடுத்தால் உண்மையை எழுதுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது ஆபரேஷன், பிரஷர் மாத்திரை, எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள். இருந்தால் கிளம்பும் முன்பே உள்ளூர் டாக்டரிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், தீவில் போய் அலைய வேண்டாம்.

இன்றைக்கே கூப்பிட்டு அந்த மூன்றாம் நாள் டைவை இரண்டாம் நாள் காலைக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்ற முடியாது என்றால் விட்டுவிட்டு அன்றைக்குப் பையனோடு ஸ்நார்க்கலிங் போங்கள், மேலே மிதப்பதற்கு விமானக் கணக்கு கிடையாது.

மீசையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அடர்த்தியான மீசை இருந்தால் மாஸ்க்கின் ரப்பர் தோலில் ஒட்டாமல் தண்ணீர் கசியும். முழுசாக எடுக்க வேண்டியதில்லை, மூக்குக்கு நேர் கீழே மெல்லிசாக ஒரு கோடு மட்டும் மழித்துக்கொண்டால் போதும், விசேஷத்தில் மச்சினன்கூடக் கவனிக்க மாட்டார்.