தங்கச்சியைக் கேட்டீர்களா?

வணக்கம் அக்கா,

நான் திருகோணமலை. 36 வயது. 11 வருஷமாகக் கட்டாரில் ஏசி திருத்தும் வேலை. வீட்டில் மூத்தவன். எனக்குக் கீழே 2 தங்கச்சிமார். பெரியவளுக்கு வீடு கட்டிக்கொடுத்து 2017இல் கலியாணம் முடித்து வைத்தேன். சின்னவள் ரீச்சர், 29 வயது. அவளுடைய வீடு 2022இல் இருந்து லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. எனக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது. அவர்கள் வீட்டில் இனியும் பொறுக்கமாட்டார்கள். அம்மாவோ, "வீட்டில குமர் இருக்க உனக்குக் கலியாணம் கேக்குதோ" என்கிறார். சாதகத்தில் செவ்வாய் என்றும் சொல்கிறார்கள். கூட்டாளிமார் கனடாவுக்கு வரச் சொல்கிறார்கள். என் இளமை முழுக்கத் தியாகமாகவே போய்விட்டது. சீதனத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தால் என்ன? அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த கிழமை எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம். அலுமாரியை இழுத்தபோது பின்சுவரில், ஈரச் சாந்தில் மேசன் ஆணியால் கீறிவிட்ட 1986 என்ற எண் தெரிந்தது. அந்த இடத்துக்குப் பெயின்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்துவிட்டேன். என் அண்ணா சவூதியிலிருந்து காசு அனுப்பிக் கட்டிய வீடு இது. உங்கள் சின்னத் தங்கச்சி இன்றைக்கு இருக்கிற இடத்தில் அன்றைக்கு இருந்தவள் நான். அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

செவ்வாயைப் பற்றி என்னோடு பேசாதீர்கள். கனடா உங்கள் பாடு. சட்டம் என்கிறீர்கள், இந்தியாவில் சீதனத்தைத் தடுக்கும் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. நின்றுவிட்டதா? அதைவிட, ரொக்கமாகக் கேட்டு வாங்குகிற சீதனத்தையும் எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கிற வழக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். ரொக்கம் மாப்பிள்ளை வீட்டாரின் கைக்குப் போகிறது. வீட்டுக்கு அவள் பெயரில் உறுதிப் பத்திரம் முடிக்கிறோம். யுத்தத்தில் புருஷனைப் பறிகொடுத்த எத்தனையோ பெண்கள் அந்த ஒரு உறுதியின் தைரியத்தில்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். தாய்வீட்டுக்குப் பக்கத்தில், தன் பெயரில் ஒரு கூரை. அதை நான் ஒருநாளும் இழிவாகப் பேசமாட்டேன்.

வீடு நின்றுபோனதற்காக நீங்கள் குற்றவுணர்ச்சிப்படவும் தேவையில்லை. 2021இல் ஆயிரத்துச் சொச்சம் விற்ற சீமெந்துப் பை அடுத்த வருஷம் மூவாயிரத்தைத் தாண்டியது. உங்கள் ரியால் 55 ரூபாயிலிருந்து 100 ரூபாய்வரை ஏறியும் சீமெந்தைப் பிடிக்க முடியவில்லை. அந்த வருஷம் லிண்டலோடு நின்ற வீடுகளை நிலாவெளி ரோட்டில் பஸ்ஸில் போகிறபோதே எண்ணலாம்.

ஆனால் உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது தம்பி. நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அம்மா சொன்னது இருக்கிறது, மாமா சொன்னது இருக்கிறது, சாத்திரியார் சொன்னது இருக்கிறது, அறையில் கூட இருக்கிற பெடியன் சொன்னதுகூட இருக்கிறது. சின்னத் தங்கச்சி என்ன சொல்கிறாள்? ஒரு வரி இல்லை. 30 பிள்ளைகளை அடக்கிப் பாடம் நடத்துகிறவள், மாதாமாதம் சம்பளம் எடுக்கிறவள், அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவள். எத்தனை அறை, குசினி எந்தப் பக்கம், எல்லாம் நீங்களும் அம்மாவும் மேசனும் பேசி முடித்திருக்கிறீர்கள். அவளுக்கு இப்போது கலியாணம் வேண்டுமா என்று யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அவள் ஒரு "குமர்". இறக்கி வைக்கவேண்டிய பாரம். 11 வருஷம் அவளுக்காக வெயிலில் மொட்டைமாடிகளில் ஏறி இறங்கியிருக்கிறீர்கள், அது பொய்யில்லை, நினைக்க எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் அவளை நீங்கள் கேட்கவில்லை.

இது உங்கள் வீட்டுக் குறை மட்டுமில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவை எட்டிப் பார்க்கிறோம். தாய் கும்பிடுவதற்காக மலையையே பெயர்த்துக்கொண்டு போக வந்தான், வாளால் வெட்டினான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இந்தப் பக்கம் கன்னியாவுக்குப் போனால் அங்கேயும் அவன்தான்: தாய் செத்துப்போனாள் என்று கேட்டு, அவளுக்கு ஈமக்கடன் செய்யத் தண்ணீர் வேண்டி நிலத்தில் ஊன்றிய இடங்களில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒரே ஊரில் இரண்டு கதை, இரண்டும் தாய்க்காகப் பிள்ளை செய்தது. எனக்கு என் அம்மம்மா சொல்லித்தந்த இரண்டு கதையிலும் அந்தத் தாயின் வாயிலிருந்து ஒரு சொல் வராது. மலை வேண்டும் என்று அவள் கேட்டாளா? மகன் பக்கத்தில் வந்து இருந்தால் போதும் என்று நினைத்தாளா? சின்ன வயதில் நான் இதைக் கேட்டு அம்மம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். இப்போதும் கேட்கிறேன்.

என் அண்ணா 1981இல் போனார். அப்போது அவருக்கு 24, எனக்கு 16. தொலைபேசி ஏது? கசெட்டில் பேசி, சவூதிக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். முதலில் அப்பா பேசுவார், பிறகு அம்மா, கடைசியில் நான். 1985இல் ஒருநாள் என்னுடைய முறை வந்தபோது, "அண்ணா, எனக்கு வீடு அவசரமில்ல, நீ வா, நான் மட்டக்களப்புக்குப் படிக்கப் போறன்" என்று பேசினேன். அம்மா ஓடிவந்து பொத்தானை அமத்தினார். பின்னுக்குச் சுற்றி அதன்மேல் தானே பேசினார். "அத்திவாரம் போட்டாச்சு மகன், கல்லு அரியக் காசு வேணும்." அம்மா கெட்டவரில்லை. நாட்டு நிலைமை அப்படி இருந்தது, ஒரு பெண்பிள்ளையைக் கரை சேர்த்துவிட்டால் போதும் என்ற பயம்.

வீடு எழும்பியது. எனக்குக் கலியாணமும் நடந்தது. 1990 ஜூனில் சண்டை தொடங்கி ஓடினோம். 1994இல் திரும்பி வந்தபோது ஓடும் இல்லை, கதவும் இல்லை, நிலையைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். சுவர் மட்டும் நின்றது. வந்து ஊரோடு இருக்கலாம் என்றிருந்த அண்ணா அந்தக் கூரைக்காக இன்னும் ஆறு வருஷம் அங்கே நின்றார். 43 வயதில்தான் அவருக்குக் கலியாணம். இந்த வீட்டில் மழைக்கு நனையாமல் படுக்கிற ஒவ்வொரு இரவும் அந்த ஆறு வருஷம் எனக்கு நினைவு வரும். யாரும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. எனக்குத்தான் அண்ணாவின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. தியாகம் செய்தவருக்கு ஆறுதல் சொல்ல ஊரே வரும். அதை வாங்கிக்கொண்டவளிடம், உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

2003இல் அம்மா போனார். சமாதானக் காலம், பாதை திறந்திருந்தது. 31ஆம் நாள் கன்னியாவில் செய்தோம். எல்லாரும் முழுகிவிட்டு வானுக்குப் போன பிறகு கிணற்றுக்கட்டில் நானும் அண்ணாவும் மட்டும் நின்றோம். ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"ஒரு கசெட்டில உன்ர குரல் 'அண்ணா' எண்டு தொடங்கினது. பிறகு அம்மா கதைக்கிறா. நீ என்ன சொல்ல வந்தனி?"

அம்மா சரியாகச் சுற்றியிருக்கவில்லை. அந்த ஒரு சொல் தப்பிவிட்டது. அதை 18 வருஷமாக அண்ணா மனதில் வைத்திருந்திருக்கிறார். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிணற்றில் ஒரு வாளி அள்ளி, "இது சூடு குறைவு" என்று என் தலையில் ஊற்றினார். அழுதது தெரியக்கூடாது என்றுதான் ஊற்றினார். எனக்கா அவருக்கா தெரியாது.

அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள். அது பிறகு. உங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. இங்கே ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடுகிறபோது கட்டாரில் பதினொரு மணி. அவள் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம், பக்கத்தில் வீட்டார் யாரும் இருக்கமாட்டார்கள். அம்மாவின் போனுக்கு எடுக்காதீர்கள். அவளுடைய போனுக்கு எடுங்கள்.

அன்புடன்,
அக்கா
நிலாவெளி