வாசகர் கேள்வி – பதில்: சூரிய மின்சாரத்துக்கு ஊர் சம்மதிக்குமா?

கேள்வி: சூரிய ஒளியும் காற்றாலையும் நல்லவை என்று எங்கள் பகுதியில் எல்லோருமே சொல்கிறார்கள். ஆனால் எந்த மின் திட்டத்துக்காவது இடம் பார்க்க ஆட்கள் வந்தால், அன்றே எதிர்ப்பும் கிளம்பிவிடுகிறது. இது இரட்டை வேடம் இல்லையா?
– வாசகர் ஒருவர், எண்ணூர்

பதில்: இரட்டை வேடம் என்று நான் சொல்ல மாட்டேன். வூஸ்டன்ஹாகன், வோல்சிங்க், பியூரர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007-ஆம் ஆண்டிலேயே இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். கொள்கைக்கு நாட்டளவில் இருக்கும் ஆதரவு ஒன்று; திட்டம் அமையும் ஊரின் சம்மதம் மற்றொன்று; கைக்காசைப் போட்டு வாங்குகிறவரின் விருப்பம் மூன்றாவது. முதலாவது இருந்துவிட்டால் மற்ற இரண்டும் தாமாகவே பின்னால் வந்துவிடும் என்று திட்டம் தீட்டுவோர் நினைத்துக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம், அது மூடப்படுவதற்கு முன்பே அத்திப்பட்டில் எழுந்த வட சென்னை அனல் மின் நிலையம், 1,500 மெகாவாட் திறனுள்ள வல்லூர் நிலையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோதெல்லாம் வளர்ச்சி என்ற சொல்லும் கூடவே வந்தது. மின்சாரம் கம்பி வழியே எங்கெங்கோ போயிற்று. சாம்பலோ, குழாய்கள் கசிந்த இடங்களிலெல்லாம் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடித்துப் பிழைத்தவர்கள் இதைக் கண்ணாரக் கண்டவர்கள். அவர்கள் புதிதாக வருகிறவரிடம், அவர் கொண்டுவருவது நிலக்கரியா சூரியத் தகடா என்று பார்ப்பதற்கு முன்பு, தங்களிடம் கேட்டுவிட்டு வந்தாரா என்று பார்க்கிறார்கள். அதில் என்ன தவறு?

கேட்டுவிட்டுச் செய்த இடங்களும் உண்டு. டென்மார்க்கின் தலைநகரமான கோபன்ஹேகனுக்கு எதிரே கடலில் 2000-ஆம் ஆண்டில் 20 காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவற்றில் பாதி பொதுமக்கள் பங்கு வாங்கிச் சேர்ந்த கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். நம் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் அமைந்த சூரிய மின் பூங்காவுக்கு விவசாயிகளின் நிலத்தை விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கிக் குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் உள்ளவருக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே நிலத்தில் கூலி வேலை செய்தவரிடம் குத்தகைப் பத்திரம் ஏது? எண்ணூருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகப் பொருந்தும், ஏனென்றால் ஆற்றை நம்பிப் பிழைப்பவரிடம் ஆற்றுக்குப் பட்டா கிடையாது. இழப்பீட்டுக் கணக்கைப் பட்டாவிலிருந்து தொடங்குகிற எந்தத் திட்டத்துக்கும், அது எவ்வளவு தூய மின்சாரமாக இருந்தாலும், அங்கே எதிர்ப்பு இருக்கத்தான் செய்யும்.

கேள்வி: நாங்கள் வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் கொஞ்சம்தான் கட்டுகிறோம். மாடியில் சோலார் போடச் சொல்கிறார்கள். எங்களுக்கு என்ன லாபம்?
– வாசகி ஒருவர், கொருக்குப்பேட்டை

பதில்: வீட்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை, இதை மறைப்பதில் பயனில்லை. ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். குளிர்சாதனம் ஓடும் சொந்த வீட்டுக்காரருக்கு அது பெரிய சேமிப்பு. 2024-இல் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதும் சொந்தக் கூரை உள்ளவருக்கே கைகொடுக்கிறது.

உங்களுக்குப் பொருந்துவது அதே திட்டத்தின் இன்னொரு பிரிவு. குடியிருப்போர் நலச் சங்கங்கள் தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு போன்ற பொதுப் பயன்பாட்டுக்காக நிறுவினால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும். அளவெடுக்க வருபவரின் கண்ணுக்கு மாடி காலியிடமாகத் தெரியும். துணி உலர்த்துவதும், வற்றல் காயவைப்பதும், கோடையில் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். தகடுகளை ஆள் உயரத்துக்கு மேலே சட்டமடித்துப் பொருத்த முடியும். செலவு கூடும், கடற்காற்றுக்குத் துரு ஏறாத சட்டமாகவும் இருக்க வேண்டும். கட்டடத்தின் வலுவை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். தூசு படிந்தால் உற்பத்தி குறையும் என்பதால், அடிக்கடி யார் மாடியேறிக் கழுவுவது என்பதையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள். வடசென்னைக் காற்றில் இது சின்ன வேலை அல்ல.

கேள்வி: அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். நிலக்கரி போனால் என் வேலையும் போகும். நான் எப்படி இந்த மாற்றத்தை வரவேற்பது?
– வாசகர் ஒருவர், அத்திப்பட்டு

பதில்: வரவேற்கும்படி உங்களைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. நிரந்தர ஊழியரை வேறு நிலையத்துக்கு மாற்ற முடியும். ஒப்பந்தம் முடிந்தவருக்கு அந்த வழி கிடையாது. ஜெர்மனி 2038-க்குள் நிலக்கரியைக் கைவிடுவதென்று 2020-இல் சட்டம் இயற்றியபோது, நிலக்கரிப் பகுதிகளின் மறுவாழ்வுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்க மற்றொரு சட்டமும் உடன் வந்தது. சூரிய மின்சாரத்திலும், ஒரே அளவு திறனை நிறுவ, பெரிய சூரியப் பூங்காக்களைவிட வீட்டுக்கூரைப் பணிகளில்தான் ஆள் தேவை அதிகம். வயரிங், வெல்டிங், எர்த்திங் தெரிந்தவர்கள் உங்களிடையே ஏராளம். அந்தப் பணிகளில் முன்னுரிமையும் பயிற்சிக் காலத்துக்குச் சம்பளமும் வேண்டுமென்று சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள், நிலையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

கேள்வி: மாடியில் தகடு இருந்தும் மின்தடையின்போது என் வீட்டில் விளக்கு எரியவில்லை. ஏமாற்றப்பட்டேனா?
– வாசகர் ஒருவர், பெரம்பூர்

பதில்: பழுது அல்ல. மின்கம்பியோடு இணைத்த, மின்கலம் இல்லாத அமைப்பு, கம்பியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஆபத்து நேராதிருக்க, மின்தடையின்போது தானாகவே நின்றுவிடும். ஆனால் விற்றவர் இதைச் சொல்லாமல் விட்டது தவறுதான். மின்கலத்தோடு கூடிய அமைப்புக்கு மாற்ற எவ்வளவு ஆகும் என்று அவரிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.