மச்சான் தரும் பிளாஸ்மா டிவியா, தவணையில் புது டிவியா?

கேள்வி: என் மச்சான் வீடு மாறுகிறார். அவரிடம் 2012-ல் வாங்கிய 50 அங்குல பிளாஸ்மா டிவி ஒன்று இருக்கிறது. "இந்தப் படத்துக்கு முன்னால் இன்றைக்கு வருகிற டிவி எதுவும் நிற்காது" என்று சொல்லி, புது எல்இடி டிவி விலையில் மூன்றில் ஒரு பங்கு கேட்கிறார். விற்பது சொந்த அண்ணன்தான் என்றாலும், என் மனைவிக்கு அதில் இஷ்டமில்லை. அதே அளவில் புதிதாக ஒன்றைப் பத்து மாத வட்டியில்லாத் தவணையில் எடுத்துவிடலாம் என்கிறார். நான் டிவி பார்ப்பது இரவில் இரண்டு மணி நேரம், ஒரு படமோ கால்பந்தோ. அம்மா வீட்டில் இருப்பதால் பகலில் எட்டு மணி நேரமாவது செய்திச் சேனல் ஓடும். இப்போதுள்ள 32 அங்குல எல்இடி நன்றாகத்தான் ஓடுகிறது, சின்னதாக இருக்கிறது, அவ்வளவுதான். கடன் ஏதும் இல்லை. மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு உண்டு. எதை வாங்குவது?

பதில்: உங்கள் கடிதத்தில் விலையை முதலில் எழுதியிருக்கிறீர்கள், அம்மாவின் செய்திச் சேனலைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் செய்திச் சேனல்தான்.

பிளாஸ்மா திரை என்பது லட்சக்கணக்கான குட்டிக் குட்டி டியூப் லைட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிற்றறையிலும் நியான், செனான் வாயு அடைபட்டிருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது புற ஊதாக் கதிரை விடும், அந்தக் கதிர் பட்டு உள்ளே பூசியிருக்கும் பாஸ்பர் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும். பின்னால் ஒரு பொது விளக்கு கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. அதனால்தான் இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், பந்து ஓடும்போது பின்னால் இழுபடாது, பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காது. உங்கள் மச்சான் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார், ஆனால் பொய் சொல்லவில்லை. மலிவு விலை எல்இடி டிவிகள் பலவற்றை, விளக்கணைத்த அறையில் ஒரு நல்ல பிளாஸ்மா இன்றும் தோற்கடிக்கும்.

அதே காரணத்தால்தான் அது மின்சாரத்தையும் குடிக்கிறது. 50 அங்குல பிளாஸ்மா சராசரியாக 200 முதல் 300 வாட் வரை எடுக்கும். பின்பக்க ஸ்டிக்கரில் இன்னும் பெரிய எண் இருக்கும், அது உச்ச அளவு, பயப்பட வேண்டாம். இருட்டுக் காட்சியில் குறையும், வெள்ளைப் பின்னணியில் எகிறும். நடுவாக 250 என்று வைக்கிறேன். அதே அளவு எல்இடிக்கு 90 வாட் போதும். வித்தியாசம் 160 வாட்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. பகலில் எட்டு மணி நேரம், இரவில் இரண்டு, ஆக பத்து. ஒரு நாளைக்கு 1.6 யூனிட், மாதத்துக்கு 48, வருடத்துக்கு 584 யூனிட் கூடுதலாக ஓடும். இந்த எண்ணை உங்கள் மின் ரசீதில் உள்ள யூனிட் விலையால் பெருக்குங்கள். ஒரு விஷயம் கவனியுங்கள்: பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும் முறை உங்கள் ஊரில் இருந்தால், சராசரி விலையால் பெருக்கக் கூடாது. கூடுதல் யூனிட்டெல்லாம் மேல் படியில்தான் போய் விழும், அந்தப் படியின் விலையால் பெருக்க வேண்டும். அறையில் ஏசி இருந்தால் இன்னும் கொஞ்சம் சேருங்கள். டிவி எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வந்து சேருகிறது. மூன்று வாட் சூட்டை வெளியே தள்ள ஏசிக்கு ஏறக்குறைய ஒரு வாட் வேண்டும்.

ஐந்து வருடத்துக்குப் போட்டால் 2,920 யூனிட். மச்சான் கேட்கும் விலையோடு இதைக் கூட்டிப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்கு என்பது எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். குறைந்த விலைக்கு வாங்கி, மீதியை மின்வாரியத்துக்கு மாதாமாதம் தவணை கட்டுவது மாதிரிதான் இது. அந்தத் தவணைக்கு முடிவுத் தேதி மட்டும் கிடையாது.

செய்திச் சேனலில் இன்னொரு கோளாறும் உண்டு. பாஸ்பர் எரிய எரியத் தேயும். படம் மாறிக்கொண்டே இருந்தால் திரை முழுவதும் சமமாகத் தேயும், கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் சேனல் முத்திரையும் கீழே ஒரு பட்டையும் நாள் முழுக்க நின்றால், அந்த இடம் மட்டும் தனியாகத் தேய்ந்து தழும்பு விழும். இதை நான் எங்கேயோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பிளாஸ்மா இருந்தது. பங்குச் சந்தைச் சேனலைக் காலை முதல் மாலை வரை ஓடவிட்டவன் நான்தான், ஊருக்கெல்லாம் சிக்கனம் சொல்கிற ஆசாமி. இரண்டாவது வருடம், ஒரு படத்தில் பனிமலைக் காட்சி வந்தது. வெள்ளை வெளேரென்ற பனிக்கு மேல் வலது மூலையில் மங்கலாகச் சேனல் முத்திரை, கீழே விலைப்பட்டி ஓடும் பட்டையின் கோடு. அன்றைக்குச் சேனலை மாற்றினேன், தழும்பு போகவில்லை. அதன்பிறகு அந்த டிவியை விட்டுத் தள்ளும் வரை, எந்தப் படத்தில் பனி பெய்தாலும் அது பங்குச் சந்தைக்குள்தான் பெய்தது.

சரி, மனைவி சொல்லும் வட்டியில்லாத் தவணைக்கு வருவோம். கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முழுப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் எவ்வளவு?" விலை 100 என்றால், ரொக்கத்துக்கு 92 என்பார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் டிவியின் விலை 92. மாதம் பத்து வீதம் பத்து மாதம் நீங்கள் கட்டும் 100-ல் எட்டு வட்டி. எட்டு சதவீதம்தானே என்று தோன்றும். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் உண்மையில் அது ஆண்டுக்கு 18 சதவீதத்தைத் தாண்டுகிறது. செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று ஒட்டியிருந்தால் இன்னும் ஏறும். ரொக்கத்துக்கும் அதே 100-தான், வேறு கட்டணமும் இல்லை என்று எழுத்தில் கொடுத்தால் மட்டும் அது வட்டியில்லாத் தவணை. அப்படிக் கிடைத்தால் தாராளமாக எடுங்கள். நீட்டிக்கப்பட்ட வாரண்டி என்று கூடவே ஒன்றை நீட்டுவார்கள், பெரும்பாலும் தேவையில்லை.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டும் இல்லை. அம்மாவின் 32 அங்குல டிவி நன்றாக ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஐம்பது வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும். செய்தி வாசிப்பவரின் முகம் 50 அங்குலத்தில் தெரிந்தாக வேண்டும் என்று அம்மா கேட்டிருப்பதாகவும் கடிதத்தில் இல்லை. அதை அவருக்கே விட்டுவிடுங்கள். பெரிய திரை வேண்டியது உங்களுக்கு, அதுவும் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு. அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் கூடுதல் மின்சாரம் மாதம் பத்து யூனிட்டுக்குள், வருடம் 117. அதுவும் பெரும்பாலும் இருட்டறையில், மாறிக்கொண்டே இருக்கும் படம். பிளாஸ்மாவுக்கு ஏற்ற வேலை அதுதான். கால்பந்தில் ஸ்கோர் பெட்டி ஒரு மூலையில் நிற்கும்தான், அப்புறம் ஒரு படம் ஓடினால் அந்த மங்கல் நிழல் போய்விடும். இடைவேளையில் அப்படியே நிறுத்திவிட்டுத் தூங்கிப் போகாதீர்கள்.

ஆக, மச்சானுடைய டிவியை வாங்கலாம். அவர் கேட்கும் விலைக்கு அல்ல. பானசோனிக் 2013 இறுதியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது, சாம்சங் 2014 நவம்பரில் நிறுத்தியது. எல்ஜியும் அதே சமயத்தில் விலகியது. உலகத்தில் உள்ள கடைசிப் பிளாஸ்மாவுக்கே பத்து வயது தாண்டிவிட்டது. பழுதானால் புது போர்டு கிடைக்காது, இன்னொரு செத்த டிவியிலிருந்து கழற்றியதைத்தான் மெக்கானிக் தேடிப் போட வேண்டும். இப்படிப்பட்ட பொருளுக்கு, நாளைக்கே நின்றுபோனாலும் வயிறு எரியாத தொகையைத்தான் கொடுக்கலாம். என்னைக் கேட்டால் புது டிவி விலையில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் ஒரு காசு தரமாட்டேன். சொந்தத்தில் வாங்குவதில் ஒரு சங்கடம் இருக்கிறது: மூன்றாம் மாதம் டிவி படுத்துவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது, விசேஷ வீட்டில் முகம் பார்க்காமல் இருக்கவும் முடியாது. அதனால் விலையைக் குறைத்து வாங்குவது இரண்டு குடும்பத்துக்கும் நல்லது. "ரிப்பேர் என் பொறுப்பு, அதனால் இந்த விலை" என்று சொன்னால் மச்சான் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கொஞ்ச நாள் பணம் சேர்த்து ரொக்கத்தில் புதிது வாங்கலாம், அதற்குள் ஒன்றும் குடி முழுகிவிடாது. மூன்று மாதக் கையிருப்பில் மட்டும் கை வைக்காதீர்கள், அதை ஆறு மாதமாக ஆக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

வாங்கும் முன் மச்சான் வீட்டிலேயே அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஒரு பென் டிரைவில் முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலப் படங்களை எடுத்துப் போய் ஒவ்வொன்றாகத் திரையில் போட்டுப் பாருங்கள். டிவியில் பென் டிரைவ் போட வழியில்லை என்றால் லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்துப் போடலாம். தழும்பு இருந்தால் இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் காட்டிக்கொடுத்துவிடும். சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுக் கிட்டே போய்க் காது கொடுங்கள். லேசான ரீங்காரம் சகஜம், எட்டடி தள்ளி உட்கார்ந்தாலும் கேட்டால் வேண்டாம். நீங்கள் இருப்பது உயரமான மலைப்பகுதி என்றால் இந்தச் சத்தம் கூடும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கண்ணாடி அதிகமாக அதிரும். எச்டிஎம்ஐ துளைகள் எல்லாவற்றிலும் வயரைச் செருகிப் பாருங்கள், அதில் ஒன்றாவது வேலை செய்ய வேண்டும். உள்ளே இருக்கும் பழைய ஆப்கள் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு ஸ்டிரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகினால் போதும், அதன் விலையையும் பேரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

எடை முப்பது கிலோவை ஒட்டி இருக்கும். தடுப்புச் சுவரில் மாட்டாதீர்கள், செங்கல் சுவர் இல்லையென்றால் ஸ்டாண்டோடு மேசையில் வையுங்கள், பின்னால் காற்றுப் போக ஒரு சாண் இடம் விட்டு. கொண்டு வரும்போது வண்டியில் படுக்க வைக்கக் கூடாது. உள்ளே இருப்பது பெரிய கண்ணாடித் தகடு, ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கினாலே விரிசல் விட்டுவிடும். நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் மெத்தை கொடுத்து, ஒருவர் பிடித்துக்கொண்டே வர வேண்டும். அந்த வேலைக்கு மச்சானையே கூப்பிடுங்கள்.