வெள்ளாட்டுக் குட்டிகளின் கழிச்சலுக்கு வைரஸின் மரபணுவை ஏன் ஆராய வேண்டும்?

கழிச்சலுக்கு மருந்து கொடுத்தால் போதாதா, மரபணு வரை எதற்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

பிறந்து ஓரிரு வாரமே ஆன குட்டி மஞ்சளாகத் தண்ணீர் போலக் கழிகிறது. வாலடி நனைந்து ஒட்டிக்கிடக்கிறது, கண் உள்ளே போய்விட்டது, தாய் மடியை நாடுவதில்லை. இதற்கு ஈ.கோலை பாக்டீரியா, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, ரோட்டா வைரஸ் என எதுவும் காரணமாகலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. வைரஸ் என்றால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் குட்டியைக் காப்பாற்றும்.

சரி, ரோட்டா வைரஸ்தான் என்று தெரிந்த பிறகும் ஏன் ஆராய்ச்சி? அதன் மரபணுத் தொகுதி ஒரே இழையாக இல்லாமல் 11 ஆர்.என்.ஏ. துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகை வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் புகுந்தால், இரண்டு சீட்டுக்கட்டுகளைச் சேர்த்துக் குலுக்கியது போலத் துண்டுகள் கலந்து புது வகை வெளிவரும். ஆடும் மாடும் ஒரே கொட்டிலில் நிற்கும் நம் ஊர்களில் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. பங்களாதேஷில் ஒரு வெள்ளாட்டிடம் கிடைத்த ஜிஓ34 என்ற வைரஸ் ஜி6 பி1 வகை. ஜி6 மாடுகளிடம் சாதாரணமாகக் காணப்படுவது.

ஜி, பி என்பவை வைரஸின் மேலுறையிலுள்ள இரண்டு புரதங்களின் வகைகள். நோய் எதிர்ப்புச் சக்தி அடையாளம் காண்பது இவற்றைத்தான். சினை மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுச் சீம்பால் வழியாகக் கன்றைக் காக்கும் முறை ஏற்கெனவே உண்டு. வெள்ளாட்டுக்கும் அப்படிச் செய்ய, மந்தையில் சுற்றும் வகை எதுவென்று முதலில் தெரிய வேண்டும்.